பதினோராம் வசனம்

சாராளைப் பற்றி என்னிடம் பேசாத ஊழியக்காரர் எங்கள் பக்கத்தில் குறைவு. கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்த சில வருஷங்களில், இவள் மடியில் பிள்ளை இல்லை என்பது ஊருக்குத் தெரிந்ததும் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். வேதப்புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, அவ்வளவும் மனப்பாடம். தொண்ணூறு வயதில் சாராளுக்குக் கொடுத்தவர் உனக்குக் கொடுக்கமாட்டாரா மகளே என்பார்கள். தலையில் கை வைப்பார்கள். அப்புறம் காப்பி குடிப்பார்கள்.

போதாததற்கு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. முடியும்போது ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அட்டையில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு. என் வீட்டுக்காரருக்கு ஒருமுறை ஆடுமாடுகள் பெருகும் என்று வந்தது. அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். எனக்கு வந்தது ஆதியாகமம் 18:14. கர்த்தரால் ஆகாத காரியம் உண்டா என்று சாராளின் சிரிப்பைக் கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்கிற இடம். அட்டையில் சிரிப்பு இல்லை. கேள்வியும் பூப்படமும்தான் இருந்தன.

முக்கூடல் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பள்ளு ஞாபகம் வரும். அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடம். எங்கள் ஊர் வேறு. முத்துமாலை அம்மன் கோயிலும் பீடியும் உள்ள முக்கூடல். ஆனாலும் பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போட்டுக்கொள்ளும் சண்டையைப் படித்துவிட்டு சாராளும் அவள் அடிமைப்பெண் ஆகாரும் வரும் கதைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பெண்களும் ஏன் இப்படி வாய்ச்சண்டை போடுகிறார்கள் என்று மலைக்க மாட்டார்கள். ஒரே புருஷன், ஒரே வீடு. பிறகென்ன?

ஒரு கோடைக்கு வீட்டு ஜெபத்துக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். முன்கூடத்தில் ஆண்களும் உறவுக்காரர்களும். நானும் என் மாமியாரும் அடுப்படியில். அவர் திடீரென்று குரலை உயர்த்தி, அடுத்த வருஷம் இதே காலத்தில் இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையின் அழுகுரல் கேட்கும் என்றார். அல்லேலூயா என்றது கூடம். என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள்.

"கீழத்தெருவுல ரெண்டு வீட்ல இதையேதான் சொல்லிட்டு வாராரு. அதுல ஒருத்திக்கு மாப்பிள்ளை சவுதியில இருக்கான்" என்றாள் மெதுவாக.

நான் சிரிக்கவில்லை. நான் நம்பினேன். இதை எழுதத்தான் இவ்வளவு காலம் தயங்கினேன். பாளையங்கோட்டையில் தமிழ் இலக்கியம் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அலங்காரமும் யாப்பும் நடத்துகிறவள், அந்தக் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டேன். அம்பாசமுத்திரத்தில் போய் வெள்ளை வாயில் துணி வாங்கி, பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பேரப்பிள்ளை வேண்டும் என்று ஏங்கிய மாமியார் சிரித்தாள். சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டிய நான் துணி வாங்கினேன்.

வருஷம் போனது. அந்த ஊழியக்காரர் திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கியதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆதியாகமம் 18ஐ மட்டும் நான் படிப்பதில்லை என்று ஆனது. கோயிலில் அந்தப் பாடம் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திரும்ப அந்த அதிகாரத்துக்கு என்னை இழுத்துவந்தவளும் மாமியார்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. பீடி சுற்றுவாள். மத்தியானம் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் தெருப் பெண்கள் சுளகும் கையுமாக வந்து உட்காருவார்கள். முந்தின நாளே நனைத்து ஈரத்துணியில் சுருட்டி வைத்த இலையை எடுத்து, தகட்டை அதன்மேல் வைத்துக் கத்திரியால் அளவாக வெட்டி, தூளைக் கிள்ளிப் பரப்பி, ஒரு உருட்டு உருட்டி நூலைச் சுற்றி, தலைப்பை நகத்தால் மடக்கிச் செருகினால் ஒரு பீடி. கை பார்த்துக்கொள்ளும். காதும் வாயும் சும்மா இருக்கும். அதற்குத் தீனி வேண்டும். கோடை விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தபோது, "டீச்சரு சும்மாதான இருக்கா, வேதத்தை மொதல்ல இருந்து வாசி. கதையா வரட்டும்" என்றாள் மாமியார். பாதிப் பேர் முத்துமாலை அம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு அது வேதம் இல்லை, கதை. அதனால்தான் நன்றாகக் கேட்டார்கள். மொதல்ல இருந்து வாசிக்கிறவள் பதினெட்டாம் அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போவாள்?

வெயில் ஏறிய நேரம். மம்ரேயில், கூடார வாசலில் ஆபிரகாம் உட்கார்ந்திருக்கிறார். முதல் வசனத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள், வந்திருப்பவர் கர்த்தர். இரண்டாம் வசனத்தில் ஆபிரகாமின் கண்ணுக்குப் படுவது மூன்று மனிதர்கள். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. கதைசொல்லி நம்மைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மனுஷன் என்ன செய்கிறான் பார் என்கிறார். தெரிந்து ஓடியிருந்தால் அது பக்தி. தெரியாமல் ஓடுவதால்தான் விருந்தோம்பல். தொண்ணூற்றொன்பது வயது, விருத்தசேதனம் செய்துகொண்டு அதிக நாள் ஆகவில்லை. யூத மரபு அன்று மூன்றாம் நாள் என்று கணக்குச் சொல்லும். அந்த உடம்போடு எழுந்து ஓடுகிறார். சாராளிடம் விரைகிறார். மாட்டு மந்தைக்கு ஓடுகிறார். வாய்ச்சொல்லில் கொடுப்பதாகச் சொன்னது கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும். செய்யச் சொன்னதோ மூன்று அளவு மாவு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 20 லிட்டர். அதோடு ஒரு இளங்கன்று முழுசாக. மூன்று பேருக்கு! எங்கள் சபை அசனத்தில் வட்டா வட்டாவாகக் கறி கொதித்து, சோற்றைப் பாயில் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்களே, அதுதான் இது. மூன்று விருந்தாளிக்கு ஓர் அசனம்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் கையை நிறுத்தவில்லை. "மாவு பிசையச் சொல்லிட்டு இவிய ஓடிட்டாவளாக்கும்? இருபது லிட்டரு ஒருத்தியா பிசையணும்? அவளுக்கும் தொண்ணூறு வயசுல்லா?"

எந்தப் பிரசங்கத்திலும் இதை நான் கேட்டதில்லை. ஆபிரகாமின் சுறுசுறுப்பைப் புகழ்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவர் வாயால் ஏவிய வேலை யார் கையில் விழுந்தது என்பதைப் பீடி சுற்றுகிற கைக்குத்தான் தெரிந்தது. கன்றைச் சமைக்க ஒரு வேலைக்காரப் பையன் உண்டு. அவன் ஆபிரகாமுக்கு ஆகார் பெற்ற இஸ்மவேல்தான் என்று யூத ரபிமார் சொல்வார்கள். அப்பம் சுட்ட கைக்குத் துணை யாரும் சொல்லப்படவில்லை. ஆகார் இந்த அதிகாரத்திலேயே இல்லை.

சாப்பாடு ஆயிற்று. ஆபிரகாம் மரத்தடியில் பக்கத்தில் நின்று பரிமாறுகிறார். அப்போது விருந்தாளிகள் கேட்கிறார்கள், உன் மனைவி சாராள் எங்கே என்று. யாரும் அவள் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. வந்தவர்கள் யார் என்பது வெளிப்படத் தொடங்குகிற இடம் இது. ஒளியும் இல்லை, இடியும் இல்லை, வீட்டுக்காரியின் பெயர் அவர்கள் வாயில் இருக்கிறது, அவ்வளவுதான். தால்முதில் பாபா மெட்சியா என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு சர்ச்சை வரும். அவள் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாதா, பின் ஏன் கேட்டார்கள்? புருஷனுக்கு அவள்மேல் பிரியம் கூடவேண்டும் என்பதற்காக என்கிறார்கள் அங்கே. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் போதாது.

ஏனென்றால் பிள்ளை பிறக்கும் என்கிற செய்தி புதிதல்ல. முந்தின அதிகாரத்திலேயே கடவுள் ஆபிரகாமிடம் சொல்லிவிட்டார். பெயரும் வைத்தாகிவிட்டது, ஈசாக்கு. அதைக் கேட்டு ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அவரை யாரும் ஏன் சிரித்தாய் என்று கேட்கவில்லை. பிறகு எதற்கு வெயிலில் இன்னொரு வருகை, இன்னொரு தடவை அதே செய்தி? வேத ஆராய்ச்சியாளர்கள் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறார்கள். 17ஆம் அதிகாரம் குருமார் மரபு, 18 வேறொரு பழைய மரபு, இரண்டையும் பிற்காலத்தில் ஒருவர் அடுத்தடுத்து வைத்துத் தைத்திருக்கிறார். இருக்கலாம். நூலைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் தைத்தவனுக்கும் கதை தெரிந்திருக்கும் அல்லவா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் வாசிக்கிறவளிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகிறான்.

அந்தக் கேள்வியை நான் மரத்தடியில் போட்டேன். மாமியார் தலையைத் தூக்கவில்லை.

"ஆம்பிளைய எந்தக் காலத்துல வீட்ல வந்து சொல்லியிருக்காவ? அவிய சொல்லியிருக்க மாட்டாவ. அதான் ஆண்டவரே நேர்ல வந்து அவ காதுல விழுறாப்புல சொல்லிட்டுப் போறாரு."

பிற்பாடு புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அவ்வளவு குறுக்கே வெட்டிச் சொன்ன விளக்கம் எனக்கு அகப்படவில்லை. மாமியார் சொன்னபடி வாசித்தால் அதிகாரம் முழுவதும் திரும்பி உட்காருகிறது. மரத்தடி விருந்து முன்மேடை. வருகை யாருக்கு நடந்ததோ அவள் பந்தியிலேயே இல்லை, விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால் கூடார வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி நான் சொல்ல வந்த வசனம். பத்தாம் வசனத்தில் விருந்தாளி சொல்கிறார், அடுத்த பருவத்தில் உன்னிடம் திரும்ப வருவேன், சாராளுக்கு ஒரு மகன் இருப்பான். பன்னிரண்டாம் வசனத்தில் சாராள் சிரிக்கிறாள். இடையில் பதினொன்று. அங்கே பேசுவது ஆபிரகாமும் இல்லை, கர்த்தரும் இல்லை, கதைசொல்லி. இரண்டு பேரும் வயது சென்றவர்கள், சாராளுக்குப் பெண்களுக்கு உள்ள மாதவழக்கு நின்றுபோயிற்று என்று தன் சொந்தக் குரலில் நமக்குச் சொல்கிறார். எபிரேயக் கதைகள் உடம்பைப் பற்றி அநாவசியமாக வாய் திறப்பதில்லை. ஆபிரகாம் உயரமா குட்டையா, கறுப்பா சிவப்பா, ஒரு சொல் கிடையாது. அப்படிப்பட்ட கதைசொல்லி, வாக்குக்கும் சிரிப்புக்கும் நடுவில் போய் ஒரு பெண்ணின் மாதவிலக்கைப் பற்றி நின்று சொல்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

அவள் சிரிப்பதற்கு முன்னால் நம்மைச் சிரிக்கவைக்கிறார். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பதினோராம் வசனத்தைப் படித்தவர் எவரும் பன்னிரண்டாம் வசனத்தில் அவளைக் குறைசொல்ல முடியாது. அது அவிசுவாசமே இல்லை, தன் உடம்பை அறிந்த ஒருத்தியின் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்று வேதமே முதலில் சாட்சி சொல்லியாயிற்று. சாராளின் சிரிப்பைத் திட்டிப் பிரசங்கித்த அத்தனை பேரும் ஒரு வசனத்தைத் தாண்டிப் படித்தவர்கள். என் அட்டையை அச்சடித்தவர் மூன்று வசனங்களைத் தாண்டியிருந்தார்.

அதற்கப்புறம் நடப்பது இன்னும் நுட்பம். சாராள் தனக்குள் சிரித்தபோது, என் புருஷனும் கிழவர் என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் நினைத்தாள். கர்த்தர் ஆபிரகாமிடம் அதைத் திருப்பிச் சொல்லும்போது, நான் கிழவியாயிற்றே என்று அவள் சொன்னதாக மட்டும் சொல்கிறார். புருஷனைப் பற்றிய பாதியை விழுங்கிவிட்டார். ரபிமார் இதைக் கவனித்து, வீட்டுச் சமாதானத்துக்காகக் கடவுளே பேச்சை மாற்றலாம் என்று சட்டமே எடுத்துவிட்டார்கள். மரத்தடியில் இதைச் சொன்னதும் பெரிய சத்தம். "நல்ல மனுஷன்!" என்றாள் ஒருத்தி. கடவுளை அவள் மனுஷன் என்றதை யாரும் திருத்தவில்லை. அந்தக் கதையில் அவர் மனுஷனாகத்தானே வந்து கறி சாப்பிடுகிறார்.

பயந்துபோய் சாராள், நான் சிரிக்கவில்லை என்கிறாள். இல்லை, சிரித்தாய் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், காட்சி அங்கே அறுந்துவிடுகிறது. சாபம் இல்லை, தண்டனை இல்லை, வாக்கு வாபஸ் இல்லை. லூக்கா சுவிசேஷத்தில் இதே மாதிரி வயதான சகரியா தேவதூதனிடம் சந்தேகம் கேட்டதற்குப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள்வரை ஊமையாகிப்போனார். சாராளுக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. அவள் மறைக்கப் பார்த்த சிரிப்பை அழியவிடாமல் எழுதிவைத்ததுதான் நடந்தது. நீ சிரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு பெருந்தன்மையாக விட்டிருக்கலாம். விடவில்லை. சிரித்தாய், அதை நான் கேட்டேன். ஆபிரகாமின் சுறுசுறுப்பை விட, பிள்ளை பிறந்ததை விட, என் வாழ்க்கைக்கு உதவியது இந்த ஒரு மறுப்புத்தான். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அடுத்த வருஷம் இதே காலம் என்பது எனக்குச் சொல்லப்பட்டதே இல்லை, அது சாராளின் தேதி. ஆனால் உடம்பறிந்து சிரிப்பது பாவம் இல்லை என்பது எனக்கும் சேர்த்து எழுதப்பட்டதாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடையிலிருந்து மின்விசிறியைப் பார்ப்பதை விட்டேன். வாயில் துணியை எடுத்து அடுப்படி ஜன்னலுக்குத் திரை தைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல துணியையா?" என்றாள். எதற்கு வாங்கியது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

எரிக் அவர்பாக் என்ற ஜெர்மன் யூத அறிஞர் ஹிட்லருக்குத் தப்பி இஸ்தான்புல்லில் இருந்தபோது எழுதி, 1946இல் வெளிவந்த 'மிமெசிஸ்' நூலை மிகத் தாமதமாகப் படித்தேன். முதல் அதிகாரத்தில் ஹோமரையும் ஆதியாகமத்தையும் எதிரெதிரே நிறுத்துவார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார், ஆதியாகமம் முக்கியமானதை எல்லாம் இருட்டில் விடுகிறது என்பது அவர் கட்சி. மேதையின் அதிகாரம், சந்தேகமில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது 22ஆம் அதிகாரம், ஆபிரகாம் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகிற கதை. அங்கே சோறில்லை, நிழலில்லை, கழுதையும் விறகும் கத்தியும்தான். அதே ஆபிரகாம், அதே நூல், நாலு அதிகாரம் முன்னால் வெண்ணெய், பால், மாவு, கன்று என்று அடுப்படிச் சாமான்களை வரிசையாகச் சொல்கிறதே, அதை எடுத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? சோறு இருக்கிற இடத்தில் சாராள் இருக்கிறாள். மலைக்கதையில் அவள் பெயரே இல்லை. அடுத்து அவளைப் பற்றி நாம் படிப்பது 23ஆம் அதிகாரத்தில், நூற்றிருபத்தேழு வயதில் அவள் இறந்த செய்தி.

நம்மிடம் சோறும் கத்தியும் ஒரே கதையில் இருக்கின்றன. கல்லூரியில் பெரியபுராணம் படித்தபோது சிறுத்தொண்டர் கதை எனக்கு ஒப்பவேயில்லை. திருச்செங்காட்டங்குடிக்குப் பைரவ வேடத்தில் விருந்தாளி வருகிறார். வீட்டில் புருஷன் இல்லை என்றதும் பெண்கள் தனித்திருக்கிற வீட்டில் நுழையமாட்டேன் என்று கணபதீச்சரத்து ஆத்திமரத்தடியில் போய் உட்காருகிறார். இங்கேயும் மரத்தடிதான், வந்தவர் யார் என்பது இங்கேயும் வாசகருக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் மம்ரேயில் சாப்பிட்டுவிட்டு ஒரு பிள்ளையைத் தருவதாகச் சொன்னார்கள். இங்கே சாப்பாடே பிள்ளை. ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்கவேண்டும், ஐந்து வயதாக இருக்கவேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் அரியவேண்டும், இருவரும் மனமுவந்து செய்யவேண்டும். டேவிட் ஷுல்மன் என்ற யூத அறிஞர், தமிழும் தெலுங்கும் கற்றவர், ஆபிரகாமையும் சிறுத்தொண்டரையும் பக்கத்தில் வைத்து 1993இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு முக்கியமானது பசித்த கடவுள். எனக்கு முக்கியமாகப் பட்டது திருவெண்காட்டு நங்கை. ஆபிரகாம் மலைக்குப் போனபோது சாராளிடம் சொன்னாரா என்று ரபிமார் இன்றுவரை தர்க்கம் பண்ணுகிறார்கள். சேக்கிழார் அந்தத் தர்க்கத்துக்கே இடம் வைக்கவில்லை. தாயை உள்ளே கொண்டுவந்து, பிள்ளையின் காலைப் பிடிக்கவைத்துவிட்டார். எது கொடுமை கூடுதல் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. சீராளன் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவன்போல ஓடிவருகிறான் என்பது உண்மை. அதற்குமுன் அந்தக் கைகள் பிடித்தது பிடித்ததுதானே?

மரத்தடியில் இந்தக் கதையை எடுத்தபோது, பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சாராள் கதைக்குப் போ என்றார்கள். அதே பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் கதையை மட்டும் கேட்டார்கள். நடுராத்திரி மழையில் விருந்தாளி, வீட்டில் நெல்மணி இல்லை, பகலில் விதைத்த முளைநெல்லை வயலில் போய் அரித்துக்கொண்டுவந்து வறுத்துச் சமைக்கிறார்கள். ஆபிரகாம் பணக்காரர், மந்தையில் பொறுக்கியெடுத்தார். இவர் விதைத்ததையே திரும்ப எடுத்தார். அங்கே யோசனை சொன்னது மனைவி என்றதும் கூட்டத்துக்குத் திருப்தி.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656இல் மம்ரே விருந்தைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். அதன் அமைப்பு நம் ஊர்ச் சரக்கு. மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் பிரதி எடுத்துவைத்திருந்தார், அதில் ஒன்றில் மரத்தடியில் நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்காரும் முறையையே தம் விருந்தாளிகளுக்குக் கொடுத்தார். மேசை நாற்காலி இல்லாமல், பாயில் உட்கார்ந்து. கதவின் இருட்டில் சாராளின் முகம் கொஞ்சமாகத் தெரியும். நடுவில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வில்லோடு ஒரு பையன், இஸ்மவேல். பிள்ளை வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தான் என்பதை ரெம்பிராண்ட் மறக்கவில்லை. அந்தப் படத்தின் நகலைப் பார்த்த அன்று எனக்குச் சாராள்மேல் கோபமும் வந்தது. வரவேண்டியதுதான். ஆகாரைத் துரத்தியவளும் அவள்தானே.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுதிய வருகையையும் சொல்லாமல் விட முடியாது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னையில் வழி கேட்டு நிற்கிற கடவுளைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் பிடித்துப்போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போகிறார் பிள்ளை. வரம் எதுவும் கேட்கவில்லை.  அந்த வீட்டில் கடவுளோடு சட்டென்று ஒட்டிக்கொள்வது குழந்தைதான். அதைப் படிக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். மற்றபடி அந்தக் கதைக்குச் சிரிப்பேன்.

நான் படித்தது சாராள் தக்கர் கல்லூரி, 1895இல் தொடங்கியது. அந்தச் சாராள் இங்கிலாந்தில் நடமாட முடியாமல் கிடந்த பெண், இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவள் பெயர் மட்டும் பாளையங்கோட்டைக்கு வந்து, தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. இதை நான் சொன்னால் உடனே, பார்த்தீர்களா, பிள்ளை இல்லாவிட்டாலும் எத்தனை பிள்ளைகள் என்பார்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவையும் துணைக்கு இழுப்பார்கள். அப்படி ஆறுதலாக முடித்துவைக்கிற பேச்சு எனக்கு ஆகாது. அவர்கள் வேலை அவர்கள் வேலை, என் வகுப்புப் பிள்ளைகள் என் வகுப்புப் பிள்ளைகள். யாரும் யாருக்கும் ஈடு இல்லை.

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வேதத்தில் பிள்ளையில்லாத பெண்களுக்குக் குறைவில்லை. சாராள், ரெபெக்காள், ராகேல், மனோவாவின் மனைவி, அன்னாள், சூனேமியாள். இது எபிரேயக் கதைமரபில் திரும்பத்திரும்ப வரும் ஓர் அச்சு என்று ராபர்ட் ஆல்டர் என்ற அறிஞர் காட்டியிருக்கிறார். மலடி என்று சொன்னவுடனேயே, வாக்கு வரப்போகிறது, பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். எந்த இடத்தில் அச்சு பிசகுகிறது என்பதில்தான் சுவை. மனோவாவின் மனைவிக்கு வந்த தூதன் சாப்பிட மறுத்துவிடுகிறான். சூனேமியாள் தீர்க்கதரிசியிடம் எதுவுமே கேட்கவில்லை, கொடுப்பதாகச் சொன்னபோதும் என்னிடம் பொய் சொல்லாதேயும் என்கிறாள். அவளும் என் மாமியார் வகைதான். ஆனால் இவர்கள் எல்லாருக்கும் கடைசியில் பிள்ளை. பிள்ளை பிறக்காதவளின் கதையை எவரும் சொல்லவில்லையா?

ஒருத்தி இருக்கிறாள். எந்த ஊழியக்காரரும் அவளைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. சவுலின் மகள், தாவீதின் முதல் மனைவி மீகாள். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது குதித்து ஆடியதை ஜன்னல் வழியாகப் பார்த்து மனதுக்குள் இகழ்ந்தவள், வீட்டுக்கு வந்ததும் முகத்துக்கு நேரே சொன்னவள். சாகும்வரை அவளுக்குப் பிள்ளை இல்லை என்று அந்த அதிகாரம் முடிகிறது. சாமுவேலின் இரண்டாம் புத்தகம், ஆறாம் அதிகாரம். நாங்கள் முதலில் இருந்து வாசித்துக்கொண்டு அங்கே போய்ச்சேர்ந்தபோது இன்னொரு கோடை வந்துவிட்டது. அதற்குள் மரத்தடியில் ஆள் கூடியிருந்தது.

"சாமி குத்தம்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் மாவு கணக்குக் கேட்ட அதே பெண்.

"போடலை. காரணம் ஒண்ணும் சொல்லலை. பிள்ளை இல்லைன்னு மட்டும்தான் இருக்கு."

"அந்தாளு பெறகு அவ பக்கம் போயிருக்க மாட்டான்" என்றாள் இன்னொருத்தி.

"இல்லளா, இவ கதவத் தெறந்திருக்க மாட்டா" என்றாள் மாமியார்.

அன்றைக்கு அதற்குமேல் வாசிக்கவே விடவில்லை. போனவன் தப்பா, திறக்காதவள் தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். கட்டுக் கட்டி எண்ணி, பீடிக்கடைக்குக் கொண்டுபோகிற நேரம்வரை ஓயவில்லை.